கையில் 42, எதிரே 127: 1942 கொழும்பு வான்காப்பை வரைபட ஆட்டமாக நடத்தும் முறை

கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 285 கிலோமீட்டர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, அந்த ஊரின் மேல் ஜப்பானிய விமானங்கள் 127 வந்தன. எதிர்க்க எழும்பிய பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் 42. குமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹிட்லரையும் ஹிரோஷிமாவையும் தெரியும். சென்னையை விட நமக்குக் கிட்டத்தில் நடந்த இந்தச் சண்டை தெரியாது. இதைப் பாடமாகச் சொன்னால் மறந்துவிடும். மேசைமேல் ஆடவைத்தால், சில விமானங்களை வைத்துக்கொண்டு ஒரு துறைமுகத்தைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இரண்டரை மணி நேரத்தில் விளங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் யாரும் ஆடலாம். ஆறு பேர் போதும்.

முதலில் இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதை ஆடுபவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிரிட்டன் தன் விமானங்களை முதலில் தன் தீவுக்கும், பிறகு மத்தியதரைக் கடல் பக்கத்துக்கும் அனுப்பியது. கிழக்கே இருந்த காலனிகளுக்கு மிச்சம் மீதிதான். மலாயா, சிங்கப்பூருக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனே ஒப்புக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டபோது அங்கே முன்னணியில் இருந்தவை 158. ஹாங்காங்கில் மொத்தமே ஐந்து பழைய விமானங்கள், அதில் சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை. 1942 தொடக்கத்தில் இலங்கையிலும் நவீனச் சண்டை விமானம் கிடையாது. சிங்கப்பூர் விழுந்த பிறகுதான் அவசர அவசரமாகச் சேர்த்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் இன்டாமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 30ஆம், 261ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) ஹரிகேன் சண்டை விமானங்கள் பறந்து வந்து இறங்கின. ஆக, ஏப்ரலில் இருந்தது ஒரு மாதத்துக் காவல்.

தேவையான பொருட்கள்

22க்கு 28 அங்குல சார்ட் பேப்பர் மூன்று. ஒன்று நடுவருக்கு, மற்றவை இரு தரப்புக்கும் ஒவ்வொன்று. அதே அளவுக்கு மூன்று தெர்மகோல் பலகை. கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் ஈரக்காற்றில் சார்ட் சுருண்டுவிடும் என்பதால் பலகையில் ஒட்டியே பயன்படுத்துங்கள். 30 செ.மீ. அளவுகோல், ஒரு காம்பஸ், குண்டூசி ஒரு டப்பி, லூடோ பகடை நான்கு. தாயக்கட்டை வேண்டாம், அதில் எல்லா எண்ணும் விழும் வாய்ப்பு சமமில்லை.

காப்பவர் விமானத்துக்குப் புளியங்கொட்டை 42. ஒரு கொட்டை ஒரு விமானம். அதில் ஆறுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள், அவை ஃபுல்மர் என்ற கப்பற்படைச் சண்டை விமானம்; மற்றவை ஹரிகேன். வருபவருக்கு ரப்பர் கொட்டை 14. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் காய் வெடிக்கும் காலத்தில் பொறுக்கி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. ஒரு ரப்பர் கொட்டை என்பது ஒன்பது விமானம் கொண்ட ஓர் அணி. கிடைமட்டமாகப் பறந்து குண்டு போடும் நாகாஜிமா பி5என் 53 வந்தன, அதற்கு ஆறு கொட்டை. பாய்ந்து குண்டு போடும் ஐச்சி டி3ஏ 38, நாலு கொட்டை. காவலுக்கு வந்த ஜீரோ சண்டை விமானம் 36, நாலு கொட்டை. நூலுக்கு நூல் ஒன்றிரண்டு கூடும் குறையும். ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு போதும். மூன்று வகையையும் பெயின்டில் நிறம் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடு ஆட்டத்தில் சண்டை வரும்.

வரைபடம்

அளவு: 1 செ.மீ. = 5 கி.மீ. சார்ட்டில் 11 செ.மீ. சதுரங்களாகக் கட்டம் போடுங்கள். அகலவாக்கில் ஐந்து, நீளவாக்கில் ஆறு. ஒவ்வொரு சதுரமும் அரை பாகை. இடது ஓரம் கிழக்குத் தீர்க்கரேகை 79.5, வலது ஓரம் 82. கீழ் ஓரம் வடக்கு அட்சரேகை 4.5, மேல் ஓரம் 7.5.

இடங்களைக் குறிக்க, கட்டத்தின் இடது கீழ் மூலையிலிருந்து அளக்கவும். கொழும்புத் துறைமுகம்: வலப்பக்கம் 7.7 செ.மீ., மேலே 53.9. கொழும்பு குதிரைப் பந்தயத் திடல்: 8, 52.9. ரத்மலானை விமான நிலையம்: 8.6, 51. களுத்துறை: 10.1, 45.8. காலி: 15.8, 33.7. தெய்வேந்திர முனை: 24, 31.2. அம்பாந்தோட்டை: இரண்டு பக்கமும் 35.6. இவற்றை வரிசையாக இணைத்தால் தென்மேற்குக் கரை வந்துவிடும். கீழே பாதிக்கு மேல் வெறும் கடல். அதைக் குறைத்து வரையத் தோன்றும், குறைக்காதீர்கள். ஆட்டமே அந்தக் கடலில்தான் இருக்கிறது.

துறைமுகத்தை மையமாக வைத்து 24 செ.மீ., 12 செ.மீ., 3 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டம் போடவும். 120, 60, 15 கிலோமீட்டர். இவை எச்சரிக்கை வட்டங்கள். நடுவர் படத்தில் மட்டும் இருந்தால் போதும்.

நிமிடக் கணக்கு

ஆட்டத்தின் உயிர் இந்தப் பகுதி. அவசரப்படாமல் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

குண்டு சுமந்த ஜப்பானிய அணி மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 4.7 கி.மீ. பிள்ளைகளுக்குப் புரிய ஊர்த் தூரத்தைச் சொல்லுங்கள்: கன்னியாகுமரி முனையைத் தாண்டிய அணி நாகர்கோவிலுக்கு மேல் வர நாலு நிமிடம், குளச்சலுக்கு ஏழரை, திருவனந்தபுரத்துக்குப் பதினேழு. குமரியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அந்த நாலு நிமிடம் உடனே உறைக்கும்.

இந்தப் பக்கம் என்னென்ன செய்ய வேண்டும்? தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, வரைபடத்தில் குறித்து, போனில் ஸ்குவாட்ரனுக்குச் சொல்ல மூன்று நிமிடம். விமானிகள் ஓடி ஏறி, எஞ்சினைக் கிளப்பி, அணியாக எழும்ப இன்னொரு மூன்று. அதற்கப்புறம்தான் ஏற்றம். ஹரிகேன் நல்ல நிலையில் 20,000 அடி ஏற எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அணி சேர்ந்து ஏறும்போது இன்னும் கூடும். அதனால் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு 6,000 அடி என்று வைத்திருக்கிறோம். ஃபுல்மர் கப்பற்படையின் இரண்டு இருக்கை விமானம், கனமானது. அதற்கு 3,000 அடி.

இப்போது கழித்துப் பாருங்கள். 120 கிலோமீட்டரில் எச்சரிக்கை கிடைத்தால் 25 நிமிடம் இருக்கிறது. ஆறு போனால் 19. ஹரிகேன் 20,000 அடி ஏறி, வெயிலுக்குப் பின்னால் போய்க் காத்திருக்கவும் நேரம் மிஞ்சும். 60 கிலோமீட்டர் என்றால் 13 நிமிடம். ஆறு போனால் ஏழு. 12,000 அடியோடு நிற்கும். 15 கிலோமீட்டர் என்றால் மூன்றே நிமிடம். விமானி இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருப்பான்.

இந்த மூன்றாவது கணக்குதான் ரத்மலானையில் நடந்தது. அங்கிருந்த 30ஆம் ஸ்குவாட்ரனுக்கு முன்னெச்சரிக்கை வரவில்லை. எதிரி விமானங்கள் கண்ணில் பட்ட பிறகே கிளம்பினார்கள். இத்தனைக்கும் முந்திய நாளே கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சால் தன் கேட்டலினா ரோந்து விமானத்திலிருந்து ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படும் முன் செய்தி அனுப்பியிருந்தார். வரப்போவது தெரியும். எந்த நிமிடம் என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடுபவர்கள் உணர்ந்தால் மற்ற விதியெல்லாம் தானாக வரும்.

‘அப்படியானால் எப்போதும் சில விமானங்களை வானத்தில் சுற்றவிட்டால் என்ன?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்லாதீர்கள், கணக்கைப் போடச் சொல்லுங்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறரை வரை பன்னிரண்டரை மணி நேரம். ஒரு முறை எழும்பினால் ஒன்றரை மணி நேரம் பறக்கலாம். ஏறவும் இறங்கவும் அரை மணி போக, காவல் நிற்பது ஒரு மணி. எப்போதும் இரண்டு விமானம் மேலே நிற்க நாளொன்றுக்கு 25 பறப்பு. ஒரு விமானம் ஒரு நாளில் மூன்று முறை பறக்கும் என்றால் ஒன்பது விமானம் இதற்கே போய்விடும். 16 விமானம் உள்ள ஸ்குவாட்ரனில் பழுதில்லாதவை 12 என்று வைத்தால், மிச்சம் மூன்று. ஒன்பதைச் செலவழித்து மேலே நிறுத்தியது இரண்டு. எதிரே வருவது 127. நான்கு நாளில் எஞ்சினும் விமானியும் மெக்கானிக்கும் ஓய்ந்துவிடுவார்கள். விமானம் நிறைய இருப்பவன் செய்யக்கூடிய வேலை இது. இல்லாதவனுக்குத் தரையில் தயாராக நிற்பதும், தகவல் சீக்கிரம் வருவதும்தான் வழி.

ஆட்களும் அறையும்

நடுவர் ஒருவர். காப்பவர் மூவர்: கட்டுப்பாட்டு அறைக்கு ஒருவர், ரத்மலானைக்கு ஒருவர், பந்தயத் திடலுக்கு ஒருவர். வருபவர் இருவர். இரண்டு தரப்பும் வேறு வேறு அறையில் இருக்க வேண்டும். அறை இல்லையென்றால் நடுவில் ஒரு போர்வையைக் கட்டுங்கள். செய்தி எல்லாம் துண்டுச்சீட்டில், நடுவர் கை வழியாக. செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் இருந்தால் தகவல் நொடியில் போகும், 1942இன் மூன்று நிமிடத் தாமதம் செத்துவிடும்.

காப்பவர்கள் விமானத்தைப் பிரித்து வைக்கும் விதம்: ரத்மலானையில் 22 ஹரிகேன், 6 ஃபுல்மர். பந்தயத் திடலில் 258ஆம் ஸ்குவாட்ரனின் 14 ஹரிகேன். பந்தயத் திடலை ஓடுதளமாக்கியது ஜப்பானியருக்குத் தெரியாது. அதனால் வருபவர்கள் படத்தில் அந்த இடத்தைக் குறிக்கவே கூடாது. அந்த ஒரு மறைவு அன்று எவ்வளவு உதவியது என்பது ஆடும்போது தெரியும்: ரத்மலானைக்காரர்கள் எழும்பும்போதே அடி வாங்குவார்கள், திடல்காரர்கள் தொந்தரவில்லாமல் ஏறுவார்கள்.

ஆடும் விதம்

ஒரு சுற்று மூன்று நிமிடம். நடுவர் ஐந்து சீட்டு எழுதி மடித்து வைக்கவும்: இரண்டில் 120, ஒன்றில் 60, இரண்டில் 15. ஒன்றை எடுத்துத் தான் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருபவர்கள் கீழ் ஓரத்தில் தாங்கள் விரும்பும் இடத்தில் நுழைந்து, சுற்றுக்கு 2.8 செ.மீ. நகர்கிறார்கள். நேரே வந்தால் துறைமுகம் சேர இருபது சுற்று. உயரம் குண்டுவீச்சு விமானத்துக்கு 10,000 அடி, ஜீரோவுக்கு 14,000. சீட்டில் உள்ள வட்டத்தை அவர்கள் தொட்டதும் நடுவர் ‘தெற்கே விமானங்கள்’ என்று சீட்டு அனுப்பலாம். எத்தனை, எந்த உயரம் என்று எழுதக் கூடாது. சீட்டு போய்ச் சேர ஒரு சுற்று, விமானம் எழும்ப ஒரு சுற்று. ஏறும்போது ஹரிகேன் சுற்றுக்கு 2.3 செ.மீ., மட்டமாகப் பறக்கும்போது 3.7. உயரத்தைக் குண்டூசியில் குத்திய சிறு காகிதத்தில் எழுதி ஒவ்வோர் அணியின் பக்கத்திலும் நிறுத்துங்கள்.

சண்டை: புளியங்கொட்டை எதிரிக்கு 2 செ.மீ. தூரத்துக்குள் வந்தால் சுடலாம். எதிரியை விட மேலே இருந்தால் பகடையில் 6 விழ, ஒரு விமானம் வீழ்ந்தது. சமமட்டம் என்றால் 6 விழுந்தபின் மறுபடி உருட்டி 4, 5, 6 விழ வேண்டும். கீழே இருந்தால் சுட முடியாது. ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டே உருட்டல். ஹரிகேனின் குண்டுப்பெட்டி விடாமல் சுட்டால் சுமார் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும். அதற்குப்பின் இறங்கி, பெட்ரோலும் தோட்டாவும் ஏற்ற எட்டு சுற்று.

ஜீரோ பக்கம்: ஒவ்வொரு ஜீரோ கொட்டையும் சுற்றுக்கு மூன்று புளியங்கொட்டையைக் குறிவைக்கலாம். ஜீரோவுக்குக் கீழே இருப்பவர் 5, 6க்கு விழுவார். சமமாகவோ மேலேயோ இருந்தால் 6க்கு மட்டும். எழும்பிய முதல் சுற்றில் மாட்டிய விமானம் 4, 5, 6க்கு விழும்.

குறி தேர்வில்தான் பெரும்பாலான அணிகள் கெடுகின்றன. ஜீரோ கண்ணை ஈர்க்கும். அதன் பின்னால் போவார்கள். தாழ்ந்த உயரத்தில் வேகம் குறைத்து ஜீரோவோடு சுற்றிச் சுற்றித் திரும்பினால் ஹரிகேன் பிழைக்காது. ஜீரோ எடை குறைவு, இறுக்கமாகத் திரும்பும். ஹரிகேனுக்குக் கனமும் தாங்குசக்தியும் உண்டு. மேலிருந்து பாய்ந்து, ஒரே தரம் சுட்டு, அதே வேகத்தில் கீழே ஓடிவிட வேண்டும். குறி குண்டுவீச்சு விமானம். துறைமுகத்தை எரிப்பது அதுதான், ஜீரோ அல்ல. இந்த அறிவுரையை முதல் ஆட்டத்தில் சொல்லாமல் விட்டு, இரண்டாவது ஆட்டத்துக்கு முன் சொல்லுங்கள். இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வெற்றியை வீழ்த்திய எண்ணிக்கையால் அளக்காதீர்கள். இரண்டே கேள்வி: துறைமுகத்துக்கு மேல் எத்தனை குண்டுவீச்சு விமானம் வந்து சேர்ந்தது? மறுநாள் காலை காப்பவரிடம் பறக்கத் தயாராக எத்தனை விமானம்? இரண்டாவதற்கு, பிழைத்தவற்றில் மூன்றில் ஒன்றைப் பழுது என்று ஒதுக்கிவிட வேண்டும். உதிரிப்பாகம் கப்பலில் வர மாதங்கள் ஆகும் காலனியில் அதுவே தாராளம்.

எங்கே பிசகும்

எல்லோருக்கும் ஏப்ரல் 5 தெரிந்துவிட்டால் விடியுமுன்பே எல்லா விமானத்தையும் ஏற்றிவிடுவார்கள். ஏப்ரல் 1 முதல் 6 வரை ஆறு சீட்டு எழுதி, நாளை நடுவர் குலுக்கி எடுக்கட்டும். அன்றும் தாக்குதலை முதலில் எதிர்பார்த்தது ஏப்ரல் 1ஐ ஒட்டித்தான். வராமல் போனதும் பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் மாலத்தீவுப் பக்கம் அட்டு அட்டோலுக்குப் போய்விட்டது. பொய்யாக எழும்பிய ஒவ்வொரு நாளுக்கும் மூன்று புளியங்கொட்டையைப் பழுதுக்கு ஒதுக்குங்கள்.

மைல் குழப்பம் இன்னொன்று. நம் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாட்டிக்கல் மைலில் பேசுவார்கள், அது 1.852 கி.மீ. தரை மைல் 1.609. ஆங்கிலப் பதிவுகளில் இரண்டும் கலந்து வரும். வட்டம் போடுமுன் எது என்று பார்த்து, எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். நேரமும் அப்படியே: ஜப்பானியப் பதிவுகள் டோக்கியோ நேரத்தில் இருக்கும், அன்றைய இலங்கை நேரத்துக்கு மூன்று மணி முன்னே. மாற்றாமல் போட்டால் கொழும்பில் முற்பகல் பதினொன்றுக்குக் குண்டு விழும்; நிஜத்தில் எட்டு மணியை ஒட்டி.

வீழ்த்தியதாகச் சொன்னதையும் நிஜமாக வீழ்ந்ததையும் ஒரே பத்தியில் எழுதக் கூடாது. ஒரே விமானத்தை மூவர் சுட்டு, மூவரும் கணக்கில் சேர்ப்பது எல்லாப் போரிலும் உண்டு. அன்று பிரிட்டிஷ் தரப்பு சொன்ன எண்ணிக்கை பெரிது. ஜப்பான் இழந்தது 7 விமானம். பிரிட்டிஷ் தரப்பில் எழும்பிய சண்டை விமானங்களில் கிட்டத்தட்டப் பாதி போயிற்று. உங்கள் ஆட்டத்தில் ஜப்பான் பக்கம் பதினைந்துக்கு மேல் தொடர்ந்து விழுந்தால், யாரோ குண்டு தீர்ந்தபின்னும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், புளியங்கொட்டை தாங்கும், உயரச் சீட்டு தாங்காது.

அடுத்த ஆட்டம்: திருகோணமலை

கொழும்பு ஆடிப் பழகியவர்கள் ஏப்ரல் 9ஐ எடுக்கலாம். அன்று வந்தவை 132: பி5என் 91, ஜீரோ 41. கொட்டைக் கணக்கில் பத்தும் ஐந்தும். காப்பவருக்கு அங்குள்ள சைனா பே விமானத்தளத்தில் 261ஆம் ஸ்குவாட்ரனின் 16 ஹரிகேனும், அவற்றோடு 6 ஃபுல்மரும் கொடுங்கள். இங்கே சீட்டுக் குலுக்கல் கிடையாது. ரேடார் 91 மைலில், அதாவது 146 கிலோமீட்டரில், அணியைப் பிடித்துவிட்டது. வட்டத்தை 29.2 செ.மீ. ஆரத்தில் போடவும். படத்தை 80.5க்கும் 83க்கும் இடையே, 6.5க்கும் 9.5க்கும் இடையே புதிதாக வரைய வேண்டும். சைனா பே இடது ஓரத்திலிருந்து 15, கீழிருந்து 44.9 செ.மீ.

கணக்குப்படி 31 நிமிட அவகாசம். ஹரிகேன்கள் மேலேயே இருக்கும், ஆனாலும் ஒன்றுக்கு ஆறு. அன்று எட்டு ஹரிகேன் போயின. விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. இந்த ஆட்டத்தில் காப்பவர் தரப்புக்கு ஒரு கேள்வியைக் கூடுதலாக வையுங்கள்: கப்பலிலிருந்து உதவி கேட்டுச் சீட்டு வருகிறது, ஓடுதளத்தில் மிஞ்சியிருப்பது எட்டு விமானம். எத்தனையை அனுப்புவீர்கள்? பதிலை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு அடுத்த சுற்றை நகர்த்துங்கள்.